பிரஷ் போடாத பத்துப் போத்தல்கள்

ஜனவரி மாதத்து நடுக்கோடை ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கே வெயில் முப்பத்தெட்டைத் தொட்டிருந்தது. லிட்கம் வீட்டின் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சிவகௌரிக்கு கராஜுக்குள் கார் டயர் வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

கதவைத் திறந்ததும் புளித்த மணம் முகத்தில் அடித்தது. மூன்று கிழமைக்கு முன் அவள் தன் கையால் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்த பியர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடித் துண்டொன்று சுவர்ப் பலகையில் குத்திட்டு நின்றது. அவளுடைய கழுத்து உயரம் இருக்கும்.

கீழே கிடந்த அடிப்பாகத்தைப் பார்த்தாள். உட்புற மூலையில் வெள்ளையாக ஒரு பாசி ஒட்டியிருந்தது.

எந்தப் போத்தல் என்று தெரிந்துவிட்டது. யாரோ குடித்துவிட்டுப் போட்டவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்துக் கொடுத்த போத்தல்கள் அவை. இருபத்துநான்கைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, நீளப் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கிருமிநீக்கியில் தோய்த்தாள். மிஞ்சிய கடைசிப் பத்துக்கு வரும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. தண்ணீரில் அலசி, நேரே மருந்துக்குள் அமிழ்த்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்வதுதான் அவளுடைய வேலை. அழுக்கின் மேல் ஊற்றுகிற மருந்து அழுக்கின் அடியில் இருக்கிற கிருமியைத் தொடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். அந்தக் கிருமி பியரில் மிஞ்சிய சீனியைத் தின்று வாயுவைப் பெருக்க, வெயில் சூட்டில் போத்தல் வெடித்திருக்கிறது.

அடைத்த பெட்டியில் அந்தப் பத்தும் மேல்தட்டில் இருந்தன. மேல்தட்டிலிருந்து ஆறை எடுத்து, போன கிழமை பிளாக்டவுனில் இருக்கும் சிநேகிதி நிரஞ்சினியின் வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். நிரஞ்சினியின் புருஷன் ஸ்ரீகாந்தனின் பிறந்தநாளுக்கு. அந்த வீட்டில் அவர்களுடைய இரண்டு வயது மகள் லக்சிகா ஓடித் திரிகிறாள்.

நிரஞ்சினிக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஸ்ரீகாந்தனின் போன் அணைந்திருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கேதீஸ்வரன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாம் வடிவாக் கழுவினதெண்டு சொன்னீர்?"

"பத்து கழுவேல்லை. காரை எடுங்கோ, பிறகு பேசுங்கோ."

கராஜைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். அவள் தடித்த குளிர் ஜாக்கெட்டையும் தோட்டக் கையுறைகளையும் கண்ணைக் காக்கும் அவனுடைய வேலைக் கண்ணாடியையும் மடியில் வைத்திருந்தாள். வழியில் ஐந்து தரம் அழைத்தாள். ஐந்தாம் தரம், "நிரஞ்சினி, நான் தந்த போத்தலுகளை ஒருத்தரும் தொடவேண்டாம், பிள்ளையைக் கிட்டப் போக விடாதேயும்" என்று குரல்செய்தி விட்டாள். அதைக் கேட்கிறவர்கள் போனை எடுத்திருப்பார்களே என்று பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கேதீஸ்வரன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு நெஞ்சில் தட்டுவது போல இருந்தது.

நிரஞ்சினி மாப் பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள்.

"என்னக்கா, சொல்லாமல் கொள்ளாமல்? போன் அறைக்குள்ள சார்ஜில கிடக்கு."

"பியர் எங்க?"

"அதுவோ? அவர் இப்பத்தான் பின்னால கொண்டுபோனவர். பிள்ளை தண்ணிக்குள்ள விளையாடுது."

சிவகௌரி குசினியைக் கடந்து பின்கதவால் வெளியே வந்தாள். புல்லின் நடுவே காற்றடித்த குட்டித் தொட்டிக்குள் லக்சிகா இருந்தாள். நாலடி தள்ளி ஸ்ரீகாந்தன் கதிரையில் இருந்தான். காலடியில், நல்ல வெயிலில், அந்தப் பெட்டி. கையில் ஒரு போத்தலும் திறப்பானும்.

கத்தினால் அவன் திடுக்கிட்டுப் போட்டுவிடுவான் என்று பயந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஸ்ரீகாந்தன், அதைத் திறக்கவேண்டாம். மெல்லப் பெட்டிக்குள்ள வையும். வைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ள போம்."

"ஏனக்கா, நஞ்சு கிஞ்சு கலந்திட்டீங்களோ?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. போத்தலை வைத்தான். ஈரம் சொட்டச் சொட்டப் பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

கேதீஸ்வரன் குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் வாளியில் கொண்டுவந்தான். "நான் செய்யிறன், தாரும்" என்றான். அவள் மறுத்துவிட்டாள். கண்ணாடி, ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, நனைத்த கம்பளிப் போர்வையை முன்னால் பிடித்தபடி நடந்தாள். போர்வையைப் பெட்டியின் மேல் விரித்து ஐஸைக் கொட்டினாள். குளிர்ந்தால் உள்ளே வாயுவின் அமுக்கம் குறையும். திரும்பி மூன்று அடி வைத்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஒரு போத்தல் வெடித்த சத்தம். போர்வை துள்ளி விழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேதீஸ்வரன் வந்து தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

நிரஞ்சினி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சிவகௌரி சாக்குச் சொல்லவில்லை.

"நான் அந்தப் போத்தலுகளுக்குப் பிரஷ் போடேல்லை. அலுப்பில விட்டிட்டன். என்ர பிழைதான்."

"நீங்கள் வரப் பிந்தியிருந்தா…" என்றாள் நிரஞ்சினி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு மணித்தியாலம் ஐஸ் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிறகு சிவகௌரி ஒவ்வொரு போத்தலையும் துவாயால் சுற்றி, மூடியை மயிரிழை அளவு நெம்பினாள். ஒவ்வொன்றும் சீறி நுரையாகப் பொங்கி முக்கால்வாசி காலியானது. கடைசியான ஐந்தாவதும் அடங்கியபோதுதான் அவள் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

உடைந்தது பெரும்பாலும் போர்வைக்குள்ளேயே கிடந்தது. ஆனாலும் தொட்டித் தண்ணீரை வடித்தபோது அடியில் நகமளவு கண்ணாடித் துண்டொன்று மின்னியது. அதைப் பார்த்தபின் அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. முழங்காலில் நின்று, புல்லைக் கையால் விலக்கி விலக்கித் தேடத் தொடங்கினாள். "நாங்கள் பாக்கிறம், நீங்கள் போங்கோ" என்று ஸ்ரீகாந்தன் இரண்டு தரம் சொல்லியும் எழும்பவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பின்கதவு திறந்தது. நிரஞ்சினி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். சிவகௌரியின் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டி இருந்த இடத்துக்கு மறுபக்கத்தில் அவளும் முழங்காலில் நின்று, புல்லை விலக்கத் தொடங்கினாள்.

"இஞ்சால நான் பாக்கிறன்," என்றாள். "நீங்கள் வேலிப்பக்கம் பாருங்கோ."