கண்ணளவில் எடுத்த படம்

எக்ஸ்ரே படத்தில் கருப்பே இல்லை. முன்பல்லின் வேர்நுனியை வெட்டி அடைத்த இடத்தில், போன வருடம் பட்டாணி அளவுக்கு இருந்த குழி எலும்பால் நிறைந்து வெளுத்திருந்தது.

"பாத்தியாடா, மூடிடுச்சு," என்றாள் பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருந்தவன் அவளுடைய தம்பி, ட்ரம்பெட் வாசிப்பவன். மைக்ரோஸ்கோப் வைத்து அந்த அறுவை சிகிச்சையைச் செய்தவளும் அவள்தான்.

"அப்போ எழுதிக் குடு, அக்கா. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

கப்பல் வாத்தியக் குழுவில் இரண்டு வருட வேலை. பல் ஆறிவிட்டதென்று சான்று கேட்டிருந்தார்கள். நடுக்கடலில் வீங்கினால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். முன்பல் போனால் அவன் வாசிப்பும் போய்விடும்.

அவள் பேனாவைத் திறந்தபோது எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் உள்ளே வந்தார். கையில் பல்தடம் பதிந்த ஒரு அச்சு.

"டாக்டர், இது தம்பியோட அச்சு. இப்ப படம் எடுக்கறப்போ கிடைக்கலை, கண்ணளவுல எடுத்துட்டேன். இப்பத்தான் கீழ் டிராயர்ல பார்த்தேன்."

ஒவ்வொரு முறையும் அதே அச்சைக் கடித்தால்தான் அதே கோணம் கிடைக்கும். கோணம் மாறினால் இருக்கிற கருப்பு நிழலும் மறைந்துவிடலாம்.

"என் கண்ணு தப்பாதுன்னு சொன்னீங்களே," என்றான் தம்பி.

"அது வாய்ச்சவடால், தம்பி."

"வலி இல்லை, வீக்கம் இல்லை. சும்மா இருக்கறதை ஏன் கிண்டறீங்க?"

"கடி," என்றாள் அக்கா.

இரண்டாவது படம் திரையில் வந்தது. வேர்நுனியில், மிளகு அளவுக்கு, கருப்பு.

அவள் போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தாள்.

"சின்னதாயிருக்கு."

"ஆறிட்டு வருதா, இல்ல அப்படியே நின்னுடுச்சா?"

"இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் கப்பல் நிக்காது. முதல் படத்தை வெச்சு எழுதேன். அதுவும் இங்க எடுத்த படம்தானே."

அவள் எழுதினாள்: குழி சுருங்கியுள்ளது, முழுமையாக ஆறவில்லை, ஆறு மாதத்தில் மறுபரிசோதனை அவசியம். கையெழுத்திட்டு நீட்டினாள்.

அவன் இரண்டு முறை படித்தான். "இதைப் பார்த்துட்டு வேலைக்கு எடுப்பாங்களா?"

"தெரியாதுடா."

மணி நாலு ஐம்பது. காகிதத்தை ஃபோனில் படம் பிடித்தான். கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. பிறகு இறங்கியது.

"அனுப்பிட்டேன். வேண்டாம்னு சொன்னா, அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

"சொல்றேன்," என்றாள். பேனாவை மூட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.