குழாய் வைக்காத கழுத்து

தைராய்டு கட்டியை எடுத்ததில் தையல்காரம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துத்தான். அவளுக்கும் அதே ஆபரேஷன். ஆனால் அவள் கழுத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி, சின்ன பாட்டிலில் ரத்தநீர் வடிந்துகொண்டிருந்தது. அதை அளக்க நர்ஸ் அடிக்கடி வந்தாள். வந்தவள் சும்மா போவாளா? "தூங்குனீங்களாக்கா? கஞ்சி குடிச்சீங்களா?" என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். தையல்காரம்மாவின் கழுத்துக் கட்டுத்துணியை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுவாள்.

டாக்டர் வந்ததும் தையல்காரம்மா கரகரத்த குரலில் கேட்டேவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் குழாய் வெக்கல?"

"உங்களுக்குத் தேவைப்படலம்மா. சின்னக் கட்டி, ரத்தமும் நின்னுடுச்சு. நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்."

வீட்டில் தையல் மெஷினைத் தவிர யாருமில்லை.

"தையல் பிரிக்க எப்ப வரணும்?"

"அதுக்கு வரவே வேண்டாம். அந்த நூல் தானாவே கரைஞ்சுடும்."

முப்பது வருஷம் நூலோடு மாரடித்தவளுக்கு, அந்த நூல்மேல் கோபம் கோபமாக வந்தது.