வாய்ச் சாட்சி

ஜாய்ஸ் ரொட்டியின் ஓரங்களை வெட்டித் தள்ளிய வேகத்தைப் பார்த்து, பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் ஆலைத் தோழி ஆலிஸ் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள். வட இங்கிலாந்தின் பர்ன்லியில் சாவுக்குப் பிந்தைய தேநீர் என்றால் ஹாம் என்கிற பன்றிக்கறி வைத்த ரொட்டி இருந்தே ஆக வேண்டும். அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த ஈரக் காலோடு ஜாய்ஸ் அதைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தாள். தேவாலயக் கூடம் நிறைந்திருந்தது. அம்மாவோடு ஆலையில் தறி ஓட்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பாவை மட்டும் காணவில்லை.

ஆலிஸ் தலையால் பக்கத்து அறையைக் காட்டி, சத்தமே இல்லாமல் உதட்டை அகலமாக அசைத்தாள். தறி இரைச்சலில் காலம் தள்ளியவர்களுக்கு உதடே போதும். அம்மாவிடம் வளர்ந்த ஜாய்ஸுக்கும் அதைப் படிக்கத் தெரியும்.

"அங்க இருக்காரு. அந்த ஸ்கிராபிள்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"எதுக்கு?" என்று ஜாய்ஸ் வாய்விட்டே கேட்டாள்.

"எல்லாரும் ஒரே இடத்துல இருக்கோமே, அப்படியே கமிட்டியை முடிச்சிடலாம்னு பார்ட்டிங்டன் சொன்னது காதுல விழுந்துச்சு."

ஜாய்ஸ் கத்தியைக் கீழே வைத்தாள். கையில் இருந்தால் யாருக்கும் நல்லதில்லை என்று அவளுக்கே தோன்றியது.

அந்தக் கமிட்டி பெரிய நாடாளுமன்றம் ஒன்றுமில்லை. சுற்று வட்டார மன்றங்கள் ஒன்றோடொன்று, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடும்போது தகராறு வராமல் இருக்க மூன்று பேர் உட்கார்ந்து சொற்களுக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு பண்புச் சொல்லுக்கு 'அர்' என்று வால் ஒட்டினால் 'அதைவிட' என்றாகும், 'எஸ்ட்' ஒட்டினால் 'எல்லாவற்றையும்விட' என்றாகும். எந்தச் சொல் அந்த வாலைத் தாங்கும், எது தாங்காது என்று அகராதி எல்லா இடத்திலும் சொல்லித் தொலைப்பதில்லை. அதனால் இவர்களே ஒரு விதி வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் வாயிலிருந்து, விளையாட்டுக்காக இல்லாமல், பேச்சுவாக்கில் அந்தச் சொல் வந்ததை உறுப்பினர் ஒருவர் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆளைப் போய் விசாரித்துக்கொள்ளவும் முடிய வேண்டும். சாட்சி இல்லாத சொல் ஆட்டத்தில் சேராது. ஜாய்ஸின் அப்பா வில்ஃப்ரட் ஹாவர்த், நகராட்சி வரி அலுவலகத்தில் கழுத்துப் பட்டியோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தக் காரியத்தைத் தன் வேலையைவிட ஒழுங்காகச் செய்துவந்தார்.

போன மாதம் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைய தீர்ப்புகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார். "பூர்லியர். தள்ளியாச்சு. யாரும் அப்படிச் சொல்றதில்ல."

உடம்பு சரியில்லை என்பதற்கு அந்தப் பக்கத்தில் எல்லாரும் 'பூர்லி' என்பார்கள். அம்மா எட்னா அதற்கும் வால் ஒட்டிப் பேசுவாள். உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள், "நான் சொல்றேனே, வில்ஃப்."

"நல்ல பேச்சுல யாரும் சொல்றதில்லன்னு அர்த்தம்," என்றார் அவர்.

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை ஜாய்ஸால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே அம்மாவுக்கு விலாவில் வலி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆஸ்பத்திரியில் நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. நர்ஸ் குனிந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு, எட்னா?" என்று கேட்டாள். அம்மா தறிக்காரி அல்லவா, உதட்டை அகலமாக விரித்து அசைத்தாள். பூர்லியர். நர்ஸுக்குப் புரியவில்லை. ஜாய்ஸ் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டிலின் கால்மாட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மோர் பூர்லி, எட்னா."

வாலை வெட்டி, 'இன்னும்' என்று பொருள்படும் 'மோர்' என்ற ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துத் திருத்தினார். சாகக் கிடக்கிறவளைத் திருத்தினார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு யாருக்காகவும் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

ஜாய்ஸ் பக்கத்து அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் தலைவர் பார்ட்டிங்டன், பேனாவும் கையுமாக. ஒரு பக்கம் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்து டீச்சர் மிஸ் கிளெக். இன்னொரு பக்கம் கறுப்புப் பட்டி கட்டிய அப்பா. 'எஸ்' எழுத்தில் பாதி வரை வந்திருந்தார்கள்.

"வாம்மா," என்று பார்ட்டிங்டன் பாதி எழுந்தார். "உங்கப்பாவுக்கும் துக்கம் கொஞ்சம் மறக்குமேன்னுதான்..."

"போன மாசம் பூர்லியர்னு ஒரு சொல்லைத் தள்ளினீங்களா?"

"ஆமா, கண்ணு," என்றார் மிஸ் கிளெக். "எங்க யார் காதுலயும் விழுந்ததில்லையே."

"உங்க காதுல விழுந்திருக்காது டீச்சர். உங்க வீட்டுல யாரும் தறி ஓட்டல. இவர் காதுல விழுந்திருக்கு. பூனைக்குச் சீக்கு வந்தா அம்மா அதைச் சொன்னா. எனக்குக் காய்ச்சல் அடிச்சா அதைச் சொன்னா. தினம் தினம் கேட்டுட்டு, இங்க வந்து யாரும் சொல்றதில்லன்னு கை தூக்கியிருக்காரு."

"ஜாய்ஸ்," என்றார் வில்ஃப்ரட். "இங்க வேண்டாம்."

"வேற எங்க? வீட்டுல சொன்னா நீங்க செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைச்சுக்குவீங்க. யாரும்னா யாரு அப்பா? உங்க காலருக்குக் கஞ்சி போட்டவ யாரு? அவ வாய் ஒரு வாய் இல்லையா? ஆலைக்காரி பேச்சுன்னு சொல்ல உங்களுக்கு வெக்கம். இவங்க சிரிச்சிடுவாங்கன்னு பயம். அதுக்காக அவளை ஆளே இல்லன்னு எழுதிக் கொடுத்திட்டீங்க."

அவள் குரல் கூடம் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். வெளியே கோப்பைச் சத்தம் அடங்கிவிட்டது. மிஸ் கிளெக் கைக்குட்டையைத் தேடினார். வில்ஃப்ரட்டின் கழுத்து சிவந்து, பிறகு வெளுத்தது. ஜாய்ஸுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்றுதான் இருந்தது.

அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். "தலைவரே, பூர்லியரைத் திரும்ப எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த பார்ட்டிங்டனுக்கு நடைமுறை கிடைத்ததும் உயிர் வந்தது. பேனாவைத் திறந்தார். "சாட்சி?"

"நான்."

"யார் வாயால கேட்டீங்க?"

"எட்னா ஹாவர்த். என் சம்சாரம்."

"எங்க வச்சு?"

"வீட்டுல. எப்பவும். கடைசியா ஆஸ்பத்திரியில."

பார்ட்டிங்டன் கெட்ட மனுஷர் இல்லை. வருஷக்கணக்கில் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்ட வாய் தானாக ஓடிவிட்டது. "அவங்க இப்ப உயிரோட..." என்று தொடங்கி, பாதியில் உறைந்து போனார். மிஸ் கிளெக் கண்ணை மூடிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்," என்றார் வில்ஃப்ரட்.

யாரும் எதுவும் எழுதவில்லை. ஜாய்ஸ் கேட்டது இதைத்தான். அம்மாவின் பெயர் அவர் வாயில் வந்த பிறகு ஆத்திரம் அடங்கும் என்று நினைத்திருந்தாள், அது இன்னும் மூண்டது. இத்தனை சுலபமாக வாயில் வருகிற ஒரு பெயர்தானா? ஊர் கேட்க மகள் கத்தினால்தான் வருமா?

"திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம்," என்றாள். "நர்ஸ்கிட்ட. அம்மா காது கேக்க."

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நாம இதை வாக்கெடுப்புக்கு..." என்று பார்ட்டிங்டன் தொடங்கும்போது ஜாய்ஸ் கதவைத் தாண்டிவிட்டாள். யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. கூடத்தில் எல்லாரும் வழிவிட்டார்கள். ஆலிஸ் மட்டும் அவள் கையைத் தொட்டுவிட்டு விலகினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். துடைப்பான் இரண்டு பக்கமும் ஆடியது. போயிருக்கலாம், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். கோட்டைக்கூடப் போடவில்லை. அந்தப் பக்கக் கதவருகே வந்து நின்றார். கண்ணாடியைத் தட்டவில்லை, பிடியில் கை வைக்கவும் இல்லை. மழை அவர் தலையிலிருந்து காலருக்குள் இறங்கியது.

நனையட்டும் என்று விட்டாள். பிறகு கையை எட்டி நீட்டி, அந்தக் கதவின் பூட்டைத் தூக்கிவிட்டு, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.