செல் எந்தக் கோயில்?

என் அப்பாவை, எங்கள் பேச்சில் அப்பச்சியை, டாக்டரிடம் கூட்டிப்போவதில் எனக்குச் சிரமமில்லை. கூடவே ஆத்தாவும் கிளம்பி வருவதுதான் பிரச்சினை. அப்பச்சிக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும், அதிகாரம் மட்டும் நடுங்காது. திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரை எனக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஸ்டெம் செல்லுலேருந்து நரம்பு செல் வளர்த்து மூளைக்குள்ள வைக்கிற ஆராய்ச்சி நடக்குது. இவரைச் சேர்க்கலாமா?" என்றார் டாக்டர்.

ஆத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செல்லு குடுக்குறவுக எந்தக் கோயில்?"

எங்கள் நகரத்தாருக்குக் கோயில்தான் குலப்பிரிவு; கல்யாணப் பேச்சில் முதலில் கேட்கும் கேள்வி அது. டாக்டர் விழித்தார். என் மானம் போயிற்று.

"நாங்க இலுப்பைக்குடி. வேற கோயில் செல்லு உள்ள போனா, நாளைக்குப் பங்காளிகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"கவலைப்படாதீங்கம்மா. வெளியாள் செல் இல்ல. இவரோட தோல்லேருந்தே எடுத்து வளர்க்குறது."

ஆத்தா அப்பச்சியைப் பார்த்தாள். நாற்காலி போட்டிருக்கும் இடம் சரியில்லை என்று அவர் நர்ஸை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஆத்தாவின் முகம் சுருங்கியது.

"இவுக செல்லேதானா? வேற கோயிலா இருந்தாலும் பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் சாதுவான ஆளாப் பாருங்க."