சத்தியக் கயிறு

உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மதிவாணன் பாதியில் நிறுத்தினான். அண்ணன் செந்தில்நாதனின் வலது மணிக்கட்டில் கறுத்துக் கிடந்த கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, இத அறுத்துடட்டுமா? சாமி கயிறு மாரி இருக்குது."

குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தலுக்குக் கீழே நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. அந்தக் கயிற்றின் கதை தெரியாதவர்கள் அந்த பிளாக்கிலேயே இல்லை. இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்கிறவர்களுக்குப் பூசாரி கட்டிவிடுகிற கயிறு அது.

"அறுத்துடுங்க" என்றாள் திலகவதி.

"கட்ன கயிறு கட்னபடியே கெடக்குது பாரு. இன்னும் ரெண்டு வருசம் முந்திக் கட்டியிருந்தா மனுசன் பொழச்சிருப்பாரு" என்றாள் பக்கத்து வீட்டு விஜயலட்சுமி. ஆறுதலாகத்தான் சொன்னாள். திலகவதிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் ஹரிணி வாசற்கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

செந்தில்நாதன் தன் ஆயுளில் ஒரு மடக்குக் குடித்தவரில்லை. அது திலகவதி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் அது தெரிந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

போன ஆடியில் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து, காய்ச்சல் என்று ஒரு ஷிப்ட் மட்டம் போடாதவர், ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடந்தார். மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று திலகவதி முத்தாண்டிக்குப்பம் பக்கத்து நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். கீழாநெல்லி கொடுத்தார், உப்பை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரமாகியும் மஞ்சள் இறங்கவில்லை. "நம்ம மருந்து கேக்கலன்னா, உள்ள தண்ணி போய்க்கினு இருக்குதுன்னு அர்த்தம்மா" என்றார் வைத்தியர்.

அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவருக்குக் கண் மஞ்சளாயிற்று, இவளுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாயிற்று. ஷிப்ட் முடிந்து வந்தவரின் சட்டையை மோந்து பார்த்தாள். வண்டிப் பெட்டியைக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குச் சாட்சியாயிற்று. எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் குடிக்கல திலகா. ஹரிணி மேல சத்தியமா."

"பெத்த பொண்ணு மேல பொய்ச் சத்தியம் வேற பண்ணாதீங்க."

அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை. அவள் விஜயலட்சுமியிடம் சொல்லி அழுதாள், விஜயலட்சுமி பிளாக்குக்கே சொன்னாள். போனில் ஹரிணியிடமும் திலகவதியே சொன்னாள். "குடிய விடற வரைக்கும் எங்கிட்ட பேச வேணாம்னு சொல்லிடும்மா" என்று மகள் போனை வைத்துவிட்டாள். சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு கோயிலுக்கு வெள்ளிக்கிழமை பார்த்துக் கூட்டிப்போனபோது, குடிகாரர்களின் வரிசையில் நின்று, முறை வந்ததும் பேசாமல் கையை நீட்டினார்.

கயிறு கட்டியும் மஞ்சள் இறங்கவில்லை. குளிர்காய்ச்சல் கண்டு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மாதம் ஓடிப்போயிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேருகிற இடம் இவருக்குப் பிறவியிலேயே மாறி அமைந்திருக்கிறது. ரொம்ப அபூர்வம். கணையத்து நீர் தப்பான பக்கம் ஏறி ஏறிப் பித்தக்குழாயை அரித்து, அங்கே புற்று வைத்துவிட்டது.

"குடிப்பாரா?"

செந்தில்நாதன் மனைவியைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றாள் திலகவதி.

"குடிச்சதால வந்ததில்ல இது. மஞ்சள் தெரிஞ்சதுமே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம்."

ஊருக்குத் திரும்பி வந்து, கேன்சர் என்று மட்டும் சொன்னாள். மீதியைச் சனங்களே சேர்த்துக்கொண்டார்கள். ஹரிணி வந்து பார்த்துவிட்டு இரண்டே நாளில் கிளம்பியபோதும் திலகவதி வாய் திறக்கவில்லை. சொன்னால், அந்த ஐந்து மாதத்தை யார் வீணடித்தது என்று மகள் கேட்பாளே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, இன்று கேட்க அவரே இல்லை. ஏன் இன்னும் சொல்லவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் அவளைத் தின்றது.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பந்தலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசிக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்தில் வெள்ளைச்சாமி முன்னால் வந்தார். பதினெட்டு வருஷம் செந்தில்நாதனோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். துண்டுக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஆசைய அடக்கிக்கிட்டே போயிட்டான். இப்பத்தான் கயிற அறுத்தாச்சே. கூட இது போகட்டும்."

குடித்தவருக்குக் கூட்டாளிகள் செய்கிற கடைசி மரியாதைதான். யாரும் தடுக்கவில்லை.

"வைங்க அங்கிள்" என்றாள் ஹரிணி. "எங்கள விட அவருக்கு அதான முக்கியம்."

வெள்ளைச்சாமி குனிந்தார். திலகவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. அவரு குடிக்கல."

"விடும்மா, செத்தவன் மேல என்ன கோவம்..."

"குடிச்சதே இல்லண்ணே. பொறவியிலயே உள்ள குழாய் மாறி இருந்துச்சாம், அதனால வந்ததுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. நாலு மாசமா எனக்குத் தெரியும். நான்தான் குடிகாரன்னு சொன்னேன். நான்தான் இழுத்துக்கினு போயி கயிறு கட்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவாம வச்சிருந்ததும் நான்தான்."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். விஜயலட்சுமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெள்ளைச்சாமி ஒன்றும் புரியாமல் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ற? மெட்ராஸ்லருந்து வந்த பிறகு நானே அவன்கிட்ட கேட்டேனே. உம்மையாவே குடிச்சியாடான்னு."

"என்ன சொன்னாரு?" என்று கேட்டது ஹரிணி.

"ஆமான்னான். திருட்டுத்தனமாக் குடிச்சேன், திலகா சொன்னதெல்லாம் நெசந்தான், அவள யாரும் தப்பாப் பேசாதீங்கன்னான்."

அரிசித் தட்டோடு வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹரிணி வாசற்கதவை விட்டு இறங்கி வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள். திலகவதி அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். மகள் நகர்ந்து இடம் விடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திலகவதி சற்று நேரம் நின்றுவிட்டு, கால்மாட்டுப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.