பன்னிரண்டாவது நிமிடம்

கண்ணாடிக் கடைக்காரரைப் பொறுத்தவரை தலைசுற்றல் என்பது அடுத்தவர்களுக்கு வருகிற சமாச்சாரம். தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிகிற லென்ஸை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் மூன்றாம் நாளே திரும்பி வருவார்கள். படி இறங்கினால் படி நகர்கிறது என்பார்கள், தரை சாய்கிறது என்பார்கள். அவர் தலையை நிமிர்த்தாமல், கையிலிருக்கும் ஃபிரேமின் திருகை முடுக்கியபடியே, பதினைந்து நாளில் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். பத்தொன்பது வருடங்களாக அதே வாக்கியம். பதினாறாம் நாள் யாரும் வந்ததில்லை. பழகிவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு கடைக்குப் போயிருப்பார்கள் என்று மனைவி ஒருமுறை சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொந்த வீட்டு சோபாவில் ஓர் அங்குலம்கூட நகராமல் உட்கார்ந்திருந்தபடியே, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்.

காரணம், மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஒன்றே கால் வருடம் ஆகியிருந்தது. போனில் அவளோடு பேசுவது மூன்று கேள்விகளில் முடிந்துவிடும். சாப்பிட்டியா என்றால் ம் என்பாள். வேலை எப்படி என்றால் போகுது என்பாள். மூன்றாவது கேள்வி, அம்மாகிட்ட குடுக்கட்டுமா என்பது. அதற்கும் ம்தான். இந்த நிலையில் ஒரு நாள் அவளாகவே, தான் விட்டுப்போன பழைய கேம் பெட்டியை டிவியில் மாட்டச் சொன்னாள். ஞாயிறு காலை அவள் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் சேர்ந்து விளையாடலாமாம். அவர் உடனே சரி என்றார். என்ன விளையாட்டு என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலை. அதற்குள் எழுந்து நடமாடும் பிணங்கள். இரண்டு பேர் சேர்ந்து அவற்றைச் சுட்டுத் தள்ளிவிட்டு மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். இதில் உங்கள் உருவம் உங்களுக்குத் தெரியாது. திரையின் கீழ் ஓரத்தில் இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலை லேசாக அசைத்தால் தொழிற்சாலையே ஒரு சுற்று சுற்றி நிற்கும். நாம் ஓடுகிறோம் என்று கண் சத்தியம் செய்கிறது. சோபாவில்தான் இருக்கிறோம் என்று உட்கார்ந்திருக்கும் இடம் சத்தியம் செய்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது வயிறு. முதல் நாள் அது ஏழு நிமிடம் தாங்கியது.

ஆனால் அந்த ஏழு நிமிடத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கைக்கு வேலை கொடுத்தால் மகளின் வாய் திறந்துகொள்கிறது. இடது பக்கம் பாருங்கப்பா, ஒருத்தன் வரான் என்றாள். அதே மூச்சில், எங்க மேனேஜர் மாதிரியே நடக்கிறான் என்றாள். அவளுக்கு மேனேஜர் என்று ஒருவர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாவது ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடம் சுடுகிற பேச்சுதான். பிறகு குரல் மெல்ல இறங்கியது. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சுவர்க் கடிகாரப்படி ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடம். சரியாக அந்த நொடியில் அவர் ஹெட்போனைப் பிடுங்கி வீசிவிட்டு ஓடினார். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது திரையில் அவருடைய ஆளைப் பிணங்கள் பாதி தின்றிருந்தன. மகளைக் காணோம். சாயங்காலம் போன் செய்து என்னம்மா சொல்ல வந்தே என்று கேட்டார். ஒண்ணுமில்லப்பா என்றாள். ஏன் எழுந்து ஓடினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாதே என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கும் அது நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊருக்கே தலைசுற்றலைப் பற்றி விளக்கம் கொடுக்கிறவர், உட்கார்ந்த இடத்தில் வாந்தி எடுக்கிறேன் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தொழில்காரன் தொழில் வழியில்தான் யோசிப்பான். கண்ணாடியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, டிவிக்கும் சோபாவுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, தனக்குத் தானே ஒரு கண்ணாடி செய்துகொண்டார். அது சரிப்படாமல் லேசாக நிறம் ஏற்றி இன்னொன்று. பிறகு மூன்றாவதாக ஒன்று, கடையிலேயே விலை கூடிய லென்ஸில். அதைப் போட்டுக்கொண்டு இரவில் தனியாக ஆடிப் பார்த்தபோது பிணங்களின் பல்லிடுக்குகூடத் தெரிந்தது. குமட்டலும் அதே துல்லியத்தோடு வந்தது.

மருந்துக்கடையில் பயண வாந்திக்கு மாத்திரை கேட்டு வாங்கினார். எந்த ஊருக்குப் பயணம் என்று கடைக்காரர் விசாரித்தார். பக்கத்தில்தான் என்றார் இவர். மாத்திரை வாந்தியை நிறுத்தியது, கூடவே இவரையும் நிறுத்தியது. அப்பா, பின்னால வராங்க, அப்பா என்று மகள் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இவர் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அது மூன்றாவது ஞாயிறு.

திரையின் நட்ட நடுவில் ஒரு புள்ளி இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும், குமட்டல் குறையும் என்று எங்கோ படித்தார். புள்ளி வைப்பது அவர் தொழில். புதுக் கண்ணாடி செய்யும்போது, ஆளை எதிரே உட்காரவைத்து, கண்மணி வருகிற இடத்தில் லென்ஸின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். லென்ஸின் மையம் அந்தப் புள்ளியில் வந்து உட்கார வேண்டும். அந்தப் பேனாவைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். டிவியை நீளவாக்கிலும் உயரவாக்கிலும் அளந்து, மையத்தில் கறுப்பாக ஒன்று வைத்தார். அன்று இரவு எட்டு மணிச் செய்தியில், செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்கு நுனியில் அது போய் உட்கார்ந்தது.

"ஏங்க, இந்தப் பொண்ணுக்கு மூக்குல மச்சம் எப்போ வந்துச்சு?" என்றாள் மனைவி.

நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர்.

புள்ளி வேலை செய்தது. பல்லைக் கடிக்காமலே வயிறு பதினோரு நிமிடம் தாங்கியது. பன்னிரண்டாவது நிமிடத்துக்கு அது வரவே மாட்டேன் என்றது. நான்காவது ஞாயிறு, அவள் "அப்பா..." என்று இழுத்த உடனே கூரியர்காரன் வந்தான். ஐந்தாவது ஞாயிறு கேஸ் சிலிண்டர் வந்தது. வாரா வாரம் ஒரே நிமிடத்தில் வாசலுக்கு ஆள் வருகிற வீடு ஊரில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

இதற்கிடையில் கடைக்கு அடுத்த கட்டிடத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் அம்மா இரண்டு முறை வந்து போனாள். புதுக் கண்ணாடியில் ஊசி இரண்டாகத் தெரிகிறதாம், மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். அவருக்கு அப்போது தன் வயிற்றைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. முதல் தடவை பதினைந்து நாள் என்றார். இரண்டாவது தடவை, இன்னும் ஒரு பதினைந்து நாள் என்றார்.

ஆறாவது ஞாயிறு மகள் தொடங்கும்போதே குரல் சரியில்லை. ஆட்டத்தில் கவனமும் இல்லை. சும்மா நிற்கிற பீப்பாய்களையெல்லாம் சுட்டாள். பத்தாவது நிமிடத்திலேயே சுடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குப் பிடிக்கலைன்னா இதை விட்டுடலாம்ப்பா. நான் ஏதாவது சொல்ல வந்தாலே எழுந்து போயிடறீங்க. கேக்க வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. சிலிண்டர் கதையெல்லாம் எதுக்கு?"

இல்லம்மா, சொல்லு, இங்கேயேதான் இருக்கேன் என்றார். இந்த முறை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்து, தரை துடைக்கிற பக்கெட்டை மனைவிக்குத் தெரியாமல் சோபாவுக்கு அடியில் வைத்திருந்தார். கண்ணைப் புள்ளியில் நட்டார். பதினொன்று தாண்டியது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒரு பிணம் அவர் ஆளின் தோளைப் பிடித்து உலுக்கியது, தொழிற்சாலை தலைகீழாகி நேரானது. அவர் பக்கெட்டுக்குள் குனிந்தார். எழுந்து ஓடக்கூடாது என்பதை யோசித்தவர், காதில் மாட்டியிருந்த மைக்கை யோசிக்கவில்லை.



"அப்பா, அது என்ன சத்தம்?"

"பிணம்மா."

"பிணம் ஏப்பம் விடாதுப்பா."

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். பக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், டிவியின் நடுவில் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். ஹெட்போனை அவர் காதிலிருந்து கழற்றித் தன் வாயருகே வைத்துக்கொண்டு, "உங்கப்பா ஒண்ணரை மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வாந்தி எடுத்துக்கிட்டிருக்காரு. இன்னிக்கு என் பக்கெட்டும் போச்சு" என்று தகவல் கொடுத்துவிட்டு, பக்கெட்டோடு உள்ளே போனாள்.

மகள் முதலில் சிரித்தாள். செட்டிங்ஸில் போனால் திரை ஆடுவதைக் குறைக்கலாம், ஒரு நிமிட வேலை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"பதினஞ்சு நாள்ல பழகிடும்னு நினைச்சேன்."

சிரிப்பு நின்றது.

"அதைத்தான் சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் நானும் சொல்லலை" என்றாள்.

பிறகு, திரையில் பக்கத்திலிருந்த சுவரைக் காட்டி, அதைப் பார்த்துத் திரும்பி அசையாமல் நிற்கச் சொன்னாள். "சுவத்தை மட்டும் பாருங்க. வர்றதை நான் பாத்துக்கறேன்." அவர் ஆளைச் சுவரோடு சுவராக நிறுத்திக் கட்டைவிரலை எடுத்துவிட்டார். உலகம் நின்றது. அவருக்குப் பின்னால் அவள் சுட்டுக்கொண்டே பேசினாள்.

வேலையை விட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. சேர்ந்த முதல் மாதமே காலையில் ஆபீஸ் கதவைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓரமாக நின்று வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அதை அப்போதே ஒருநாள் போனில் சொன்னாளாம். அவர் ஃபிரேம் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்திருப்பார் போல. என்ன பதில் சொன்னாரென்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. பழகிவிடும் என்று பதினான்கு மாதம் காத்திருந்தாள். பழகியது மேனேஜருக்குத்தான், இவளைத் திட்டித் திட்டி.

நாற்பது நிமிடம் அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். மூன்றாவது செங்கல்லில் இருந்த கறை ஆறாவதிலும் ஒன்பதாவதிலும் அப்படியே இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று சுடப்பட்டு விழுந்தது. எல்லாம் சரியாகிவிடும், கொஞ்ச நாள் போனால் என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அன்று காலை அவர் வெற்றிகரமாக விழுங்கியது அது ஒன்றைத்தான்.

"இப்ப வயிறு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"இப்ப இல்லப்பா. விட்ட மறுநாளே நின்னுடுச்சு. உங்களுக்கு?"

"சுவர் பரவாயில்லை."

வீட்டுக்கு வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அவர்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றாள்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் அவர் முதல் வேலையாகப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்த் தையற்கார அம்மாவைக் கூப்பிட்டார். எதிரே உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டச் சொல்லி, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணி இருக்கிற இடத்தில் புதிதாகப் புள்ளி வைத்தார். கழற்றி அளந்தார். வலது பக்கம் சரி. இடது லென்ஸின் மையம் மூன்று மில்லிமீட்டர் கீழே இருந்தது. மூன்று மில்லிமீட்டர் என்றால் ஊசி இரண்டாகத்தான் தெரியும், படி நகரத்தான் செய்யும். பழைய அளவுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அளவு அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது.

"தப்பு என்னோடதும்மா. வேற லென்ஸ் போட்டுத் தரேன்" என்றார்.

அம்மா கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். "நேத்துதான் கொஞ்சம் பழகின மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அவர் சீட்டில் பழைய அளவை அடித்துவிட்டுப் புதிய அளவை எழுதினார். எழுதும்போது, பத்தொன்பது வருடத்துச் சீட்டுகளும் பின்னாலிருந்த அலமாரியில் கட்டுக்கட்டாக இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.