முற்றிலும் ஏற்பதற்கில்லை

ரசத்துக்கு உப்பு பார்த்தபோது, 'ஓரளவு பொருத்தமுடையதே, எனினும் முழுமையானதன்று' என்று ஒரு தொடர் கமலாவின் மனதில் தானாக ஓடியது. ஒரு சிட்டிகை உப்பைக் கூடப் போட்டுக் கலக்கினாள். மூன்று நாளாக இப்படித்தான். பால்காரன் இன்றைக்குப் பாலில் தண்ணீர் இல்லை என்று சத்தியம் செய்தால், 'போதிய சான்றின்றி இம்முடிவுக்கு வருகிறார்.' மழை வராது, துணியைக் காயப் போடு என்று கணவன் பொன்னுவேல் சொன்னால், 'இக்கூற்று மேலும் ஆய்வுக்குரியது.' எல்லாம் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்த இரண்டு தாள்களின் வேலை. சேலத்தில் நடந்த நேர்முக வகுப்பில் சாந்தாமேரி மேடம் எல்லோருக்கும் கொடுத்த சைக்ளோஸ்டைல் தாள்கள் அவை. 'திறனாய்வாளர் வாதங்களை எடுத்துரைக்கவும் மதிப்பிடவும் உதவும் தொடர்கள்' என்று மேலே தலைப்புப் போட்டிருந்தது. உடன்படுவதற்குப் பதினைந்து, மறுப்பதற்குப் பதினைந்து, பாதி உடன்பட்டுப் பாதி மறுப்பதற்கு இருபது.

சேர்வராயன் மலைப் பாட்டுகளைப் பற்றி ஆறு அறிஞர்கள் சொன்னதைத் தொகுத்து இருபது பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். அஞ்சல்வழி எம்.ஏ.யின் கடைசிக் கட்டுரை. அது திரும்பி வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் மேடத்தின் சிவப்பு மை: 'ஆறு பேர் சொன்னது தெளிவாக இருக்கிறது. ஏழாவதாக நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' திருத்திய கட்டுரை திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். ஜூனில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் டீச்சர் இடம் காலியாகிறது. எம்.ஏ. இருந்தால் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வாய்ப்பு இன்னொரு வருஷம் காத்திருக்காது.

ஐந்து பேரை மதிப்பிடுவதில் சிரமமில்லை. ஆறாவது ஆளிடம்தான் பேனா நின்றது. முனைவர் ஐயாக்கண்ணு. எட்டு வருஷத்துக்கு முன்னால் டேப் ரிக்கார்டரோடு, பொன்னுவேல் வேலை பார்க்கும் இதே காபி எஸ்டேட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கிப் பாட்டுகளைப் பதிவு செய்து புத்தகம் போட்டவர். அந்தப் புத்தகம் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில், பழுப்பு அட்டை போட்டு இருந்தது. முன்னுரையில் ஒரு வரி: 'தோட்டத்து ரைட்டர் திரு. பொன்னுவேல் அவர்களின் உதவியின்றி இப்பாடல்கள் கிடைத்திரா.' பெண் பார்க்க வந்தபோது, ஆள்கணக்கு எழுதி வேலை வாங்கும் அந்த ரைட்டர் பொன்னுவேல் இதைத்தான் கொண்டு வந்தான். ஆத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவள் அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புஸ்தகத்துல பேரு வந்த மாப்பிள்ளை" என்று ஊரெல்லாம் சொன்னார். கமலாவுக்கும் அன்று அதைவிடப் பிடித்தது வேறெதுவும் இல்லை. அவன் வெட்கப்பட்டுச் சிரித்ததைத் தவிர.

அந்தப் புத்தகத்தின் மைய வாதம் எளிமையானது. காபிப் பழம் பறிக்கும் கைகளின் தாளமே பாட்டின் தாளம். பாட்டில் வரும் குழந்தை காபிச் செடியே. கமலா இதை ஐந்து முறையாவது படித்திருப்பாள், மேற்கோளும் காட்டியிருந்தாள். ஆனால் புதன்கிழமை காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒன்று உறைத்தது. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து ஆறு வருஷம். ஆறு பறிப்புக் காலம். வீட்டுக்குப் பின்னால்தான் தோட்டம். ஒரு நாள்கூட அங்கிருந்து ஒரு பாட்டு அவள் காதில் விழுந்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே போனாள். வெள்ளியோக்கு மரங்களுக்கு அடியில் பெண்கள் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து நின்றிருந்தார்கள். இடுப்பில் கட்டிய கூடையில் பழங்கள் விழும் சத்தம், இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம், எங்கோ ஒரு இருமல். பிறகு ஒருத்தி கத்தி ஏதோ கேட்க, நாலு நிரை தள்ளி இன்னொருத்தி கத்திப் பதில் சொன்னாள். பாட்டு இல்லை.

"ஏனுங்க ரைட்டரம்மா, பழம் பறிக்க வந்துட்டீங்களா?" என்றாள் அருக்காணி. "ஊட்டுல ஐயா சோறு போடறதில்லீங்களா?"

அடுத்த நிரையில் சிரிப்பு எழுந்தது. கமலாவும் சிரித்தாள். "அக்கா, பறிக்கறப்போ நீங்க பாடுவீங்கதானே?"

"பறிக்கறப்பவா? ஒரு கையில கொம்ப வளைச்சுப் புடிச்சு, ஒரு கையில பழத்தப் பறிச்சு, வாயத் தொறந்து பாடவும் செஞ்சா பூச்சி உள்ள போயிரும்ங்க. நான் இங்க பாடுனா பக்கத்து நெரையில இருக்கறவளுக்கே கேக்காது. யாருக்குங்க பாடறது, செடிக்கா?"

கமலா புத்தகத்திலிருந்து மனப்பாடமாகியிருந்த வரிகளைச் சொன்னாள். *கண்ணசரு கண்ணசரு, காடு முடிச்சு வந்துருவேன். மேலு சுடுது என் மயிலே, மேகம் எறங்கி ஆத்தட்டும்.* வளைத்துப் பிடித்திருந்த கொம்பை அருக்காணி மெல்ல விட்டாள். அது மேலே போய் ஆடி நின்றது.

"இது எப்படிங்க உங்களுக்கு?"

"புஸ்தகத்துல இருக்கு."

"அன்னிக்கு என்ற புள்ளைக்குக் காச்சலுங்க. ரெண்டு வயசு. லயத்துல பக்கத்து ஊட்டுக் கெழவிகிட்ட போட்டுட்டு வந்தேன். லீவு கேட்டேன், ரைட்டரய்யா தரலீங்க. மெட்ராஸ்ல இருந்து பெரிய மனுசரு வர்றாரு, ஒருத்தரும் ஊட்டுல நிக்கப்படாதுன்னுட்டாரு. எல்லாரையும் கூடையக் கட்டி இந்த மரத்தடியில நிறுத்தி வெச்சுப் பாடச் சொன்னாங்க. எனக்கு வேற என்ன பாட்டுங்க வரும்? காலைல புள்ளய ஆட்டுறப்ப வாயில வந்தது, அதத்தான் பாடுனேன்." சிரித்தாள். "புள்ள பொழச்சுக்கிச்சுங்க. இப்ப பத்து வயசு, என்னையே ஏசுறா. ஒரு காதுதான் கேக்காது. நல்ல காதுப் பக்கம் நின்னு திட்டுனா நொம்பக் கோவிச்சுக்குவா."

அன்று மாலை பழம் அரைக்கும் கொட்டகையிலிருந்து பொன்னுவேல் புளித்த பழத்தோல் வாடையோடு வந்தான். பூட்ஸைக் கழற்றும்வரை கமலாவால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்குக் கூடையக் கட்டச் சொன்னது நீங்களாங்க?"

"என்னிக்கு?"

"ஐயாக்கண்ணு சார் வந்தன்னிக்கு."

"ஆமா. வெறுங்கைய வீசிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? போட்டோ வேற எடுத்தாரு."

"அருக்காணிக்கா லீவு கேட்டாங்களாம். புள்ளைக்குக் காய்ச்சல்னு."

அவன் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாப்பது பேரு நாப்பது காரணம் சொல்லுவாங்க, கமலா. எது நெசம், எது பொய்னு..." பூட்ஸைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: "அது அந்தப் பொண்ணா? காது கேக்காத புள்ள?"

"ஆமாங்க."

வெளியே குழாயில் கால் கழுவ அவனுக்கு நெடுநேரமாயிற்று. உள்ளே வந்தபோது குரல் மாறியிருந்தது. "உனக்கு வேலைக்குப் போவணும். அதுக்கு அந்த மனுசன் தப்புன்னு எழுதணும். எழுது. தாளுல அம்பது வார்த்தை இருக்கே, எம்மேல எதப் போடப் போற?"

"உங்க பேர நான் எழுதமாட்டேங்க."

"நீ எதுக்கு எழுதணும்? அந்தப் புஸ்தகத்துல இருக்கறது என்ற பேரு மட்டுந்தானே."

வியாழக்கிழமை முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது, எழுந்தால் எழுத வேண்டும் போலிருந்தது. 'இக்கருத்து மேலும் ஆய்வுக்குரியது' என்று முடித்துப் பார்த்தாள். யாருக்கும் வலிக்காத வரி. அதோடு மதிப்பெண் வரும், வேலை வரும், பீரோவில் புத்தகம் அதே இடத்தில் இருக்கும். படித்துப் பார்த்தபோது வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது, கிழித்தாள். 'முற்றிலும் ஏற்பதற்கில்லை' என்று எழுதினாள். அது ஏதோ நீதிமன்றத்து ஆள் பேசுவது போலிருந்தது. யாரை ஏற்பதற்கில்லை? ஒரு நாள் வந்துபோன மனிதரையா? விருந்தாளி முன்னால் எஸ்டேட்டு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஓடியாடிய இருபத்தேழு வயசு ரைட்டரையா? ஐந்து முறை படித்தும் ஜன்னலைத் திறந்து பார்க்காத தன்னையா?

பொழுது சாயும் நேரத்தில் தாளைப் பார்க்காமல் எழுதினாள். 'பழம் பறிக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் பாடவில்லை. இந்தப் பாட்டைப் பாடியவர் பெயர் அருக்காணி. காய்ச்சலாக இருந்த தன் குழந்தைக்குப் பாடியது இது. பதிவுக்காக அவர்களைக் கூடையோடு நிற்க வைத்தவர்' என்பதுவரை வந்து நிறுத்தினாள். 'தோட்டத்து ரைட்டர்' என்று எழுதி அடித்தாள். 'தோட்டத்தார்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். முடிவில் அந்த அரை வாக்கியத்துக்கு எதிரில் இடம் விட்டு, மற்றதையெல்லாம் முடித்தாள். தாள்களை உறைக்குள் போட்டாள். ஒட்டவில்லை. தபாலில் கொண்டு போய்ச் சேர்க்கப்போகிறவன் பொன்னுவேல்தான்; அவனுக்குத் தெரியாமல் அவன் கையிலேயே அதைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காபி ஆறிக்கொண்டிருக்க, பொன்னுவேல் நின்றபடியே எல்லாப் பக்கங்களையும் படித்தான். இடம் விட்டிருந்த பக்கத்தில் நெடுநேரம் நின்றான். மப்ளரைச் சுற்றிக்கொண்டு உறையைச் சட்டைக்குள் செருகினான்.

"ஏழரை பஸ்ஸு போயிருமுங்க" என்றாள் கமலா. அதுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. அதை விட்டால் ஏற்காட்டில் இன்றைய தபால் பையில் சேராது.

"தெரியும்."

பின்கதவைத் திறந்து நின்றாள். பனி பாதி இறங்கியிருந்தது. பஸ்ஸுக்காக மேலே ரோட்டுக்கு ஏற வேண்டியவன் பாதை பிரியும் இடத்தில் நின்றான், பிறகு கீழே தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கம் திரும்பினான். பறிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அருக்காணி அவனைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் நின்றுகொண்டேயிருந்தாள். அவன் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து உறையிலிருந்து தாள்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். இவ்வளவு தூரத்துக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஓரிடத்தில் அருக்காணி கையை நீட்டி நிறுத்தி, தலையை அசைத்து, என்னவோ நிறையச் சொன்னாள். பொன்னுவேல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

கரடியூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸின் ஹாரன் ஒரு முறை கேட்டது. அவன் நிமிரவில்லை. தாளை முழங்காலில் வைத்து அழுத்தியிருந்த அவன் கை எழுதுகிறதா அடிக்கிறதா என்று கமலாவுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு அந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, பின்னாத பாதி முடி தாளின் மேல் விழாமல் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசையப் படிக்கத் தொடங்கினாள்.